பங்காளியா, கேண்மையா? நேட்டோ–ஜப்பான் பாடத்துக்கு ஒரு சொல்

அனைவருக்கும் வணக்கம். அரசறிவியல் மாணவர்களுக்கு நேட்டோ–ஜப்பான் ஒத்துழைப்பு பற்றி ஒரு பாடம் எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். இடறுவது 'பார்ட்னர்' என்ற சொல்தான். நேட்டோ என்ற வட அட்லாண்டிக் ராணுவக் கூட்டணியின் 32 உறுப்பு நாடுகளில் ஜப்பான் ஒன்றல்ல. ஒருவரைத் தாக்கினால் எல்லாரையும் தாக்கியதாகக் கொள்ளும் நேட்டோ ஒப்பந்தத்தின் 5ஆம் பிரிவு அதற்குப் பொருந்தாது. ஆனாலும் ஏடன் வளைகுடாவில் கடற்கொள்ளையரைத் தடுப்பதில் ஒத்துழைத்தது. 2022 மாட்ரிட் மாநாட்டுக்கு அதன் அப்போதைய பிரதமர் கிஷிடா போனார். இணையப் பாதுகாப்பு, கடற்பாதுகாப்பு, விண்வெளி என்று 2023–26க்குத் தனித் திட்டமே இருக்கிறது. 'கூட்டணி நாடு' என்றால் தப்பு. 'பங்காளி நாடு' என்று போட்டு வைத்திருக்கிறேன். சரியா?

———

வேண்டாம் அம்மா. எங்கள் பக்கம் பங்காளி என்றாலே வரப்புத் தகராறு, கோர்ட்டு, வாய்தா. 'கூட்டாளி' என்றால் திருடனோடு பிடிபட்டவன். 'நேச நாடு' என்று போட்டால் இன்னும் கூத்து: இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் நேச நாடுகளை எதிர்த்த அச்சு நாடு!

———

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு சொல். எங்கட பத்திரிகைகளில் 'பங்காளிக் கட்சி' என்று எந்த நாளும் வருகுது. ஒருவரும் வரப்பை நினைக்கிறதில்லை.

———

அன்புடையீர், 'கேண்மை நாடு' என்க. கேண்மை என்றால் நட்பு. வெள்+மை வெண்மை ஆனதுபோல் கேள்+மை கேண்மை. கேளிர், கிளை, கிளைஞர் எல்லாம் ஒரே குடும்பம் என்பது என் துணிபு. ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்பதால்தான் கேளிர் என்றுகூட எனக்குத் தோன்றுவதுண்டு. தொலைவும் தடையல்ல. பிசிராந்தையார் பாண்டிநாட்டார், கோப்பெருஞ்சோழன் உறையூரில் இருந்தான். நேரில் காணாமலே வளர்ந்த நட்பு அது.

———

ஐயா, அந்தப் பிசிராந்தையார் சோழனோடு வடக்கிருந்து உயிரையே விட்டவர். அது 5ஆம் பிரிவுக்கும் மேலே! ஜப்பான் எங்கே அப்படி ஒப்புக்கொண்டது? தொலைவு பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று: அமெரிக்காவின் மாநிலமான ஹவாய்கூட 6ஆம் பிரிவு வகுத்த எல்லைக்குள் வராது. அது பசிபிக்கில் இருக்கிறது, ஒப்பந்தம் வட அட்லாண்டிக்குக்கு. அப்புறம் 'கேண்மை' என்றால் பையன்கள் அகராதி தேடுவார்கள்.

———

தேடட்டுமே! அகராதி எதற்கு இருக்கிறது?

———

'பங்காளர் நாடு'? வரப்புச் சண்டையும் இல்லை, அகராதியும் வேண்டாம்.

———

-ஆளியை -ஆளர் ஆக்கினால் சண்டை தீர்ந்துவிடுமா? அப்படியானால் முதலாளியை 'முதலாளர்' என்று கூப்பிட்டுப் பாருங்கள், சம்பளம் வருகிறதா என்று.

———

வெள்ளி வந்துவிட்டது. மூன்று பேர் 'பங்காளர்', ஒருவர் 'பங்காளி', ஐயா 'கேண்மை', மற்றவர்கள் மௌனம். 'பங்காளர் நாடு' என்றே அனுப்பிவிட்டேன். முதலில் வரும் இடத்தில் மட்டும் 'உறுப்பினர் அல்லாத' என்று சேர்த்தேன். ஐயா கோபிக்கக் கூடாது.

———

கோபமில்லை அம்மா. நேட்டோவில் முடிவுகள் உறுப்பு நாடுகளின் ஒருமித்த இசைவால் மட்டுமே எடுக்கப்படுகின்றன. ஜப்பானுக்கு அங்கே பங்கில்லை. இல்லாத பங்கை அது எப்படி ஆளும்? மறுபதிப்பு வரும்போது மீண்டும் எழுதுவேன்.