அக்டோபர் மாதக் கணக்கு

குழு: கிணற்றடி வீடு
அக்டோபர் 31

பெரியப்பா (இரவு 8.10): மாதக் கடைசி. அவரவர் படித்தது, பார்த்தது எல்லாம் வரட்டும். என் கணக்கு சின்னது. தில்லானா மோகனாம்பாள் முதல் பாகம் மட்டும் முடிந்தது. கண் ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு நாளைக்கு இருபது பக்கத்துக்கு மேல் ஓடவில்லை. படத்தை முழுசாகப் பார்த்துவிட்டேன். 1968-ல் வந்தபோது சிவாஜியைப் பார்த்தேன். இந்தத் தடவை பாதி நேரம் கண்ணை மூடிக்கொண்டு, அவருக்காக வாசித்த மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களின் நாயனத்தைக் கேட்டேன்.

அம்மா: எனக்கு இந்த மாதம் ஒன்றுமில்லை. தீபாவளிக்கு வந்தவர்கள் போய் நேற்றுதான் வீடு அடங்கியது.

கார்த்தி: பூமணியின் வெக்கை படித்தேன். அதை வைத்து எடுத்த அசுரன் படத்தைத் திரும்பவும் பார்த்தேன். இரண்டும் ஒன்று என்று நினைத்துத்தான் புத்தகத்தை எடுத்தேன். படத்தில் தனுஷ் நடிக்கிற அப்பாதான் பெரிய ஆள், அவருடைய பழைய கதையும் கூடச் சேர்ந்து வருகிறது. நாவலில் கொலை செய்கிற பதினைந்து வயதுப் பையன்தான் நடுவில். அப்பாவும் அவனும் எட்டு நாள் ஒளிந்து திரிகிறார்கள், அந்த நிலையிலும் கிடைத்ததைச் சமைத்துச் சாப்பிடுகிறார்கள். அந்தச் சாப்பாட்டுப் பக்கங்கள்தான் என்னை விடவே இல்லை.

நான்: அத்தை எங்கே? மாதா மாதம் முதல் ஆளாக எழுதுவார்களே.

வசந்தா அத்தை (8.32): எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன் கண்ணு. நீளமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த மாதம் ஒரே கதைதான், மூன்று விதமாக. ஜெயகாந்தனின் அக்கினிப் பிரவேசம் சிறுகதை, அதிலிருந்து வளர்ந்த சில நேரங்களில் சில மனிதர்கள் நாவல், அப்புறம் 1977-ல் வந்த பீம்சிங் படம்.

நிலா: கதை என்ன பாட்டி? நான் படித்ததில்லை.

வசந்தா அத்தை: நல்ல மழை. கல்லூரி விட்டு பஸ்ஸுக்கு நிற்கிற ஏழைப் பெண் ஒருத்தி, முன்பின் தெரியாத ஒருவனுடைய காரில் ஏறிவிடுகிறாள். அவன் அவளைக் கெடுத்துவிடுகிறான். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்கிறாள். அம்மா முதலில் அடித்து அலறுகிறாள். அக்கம்பக்கம் என்னவென்று கேட்டதும், மழையில் நனைந்து வந்துவிட்டாள் என்று சமாளிக்கிறாள். அப்புறம் மகளைக் கூட்டிப் போய்த் தலையில் தண்ணீர் ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். அவ்வளவுதான். 1966-ல் விகடனில் வந்தபோது பெரிய சண்டையே நடந்தது. அப்படி ஒரு அம்மா இருப்பாளா என்று கேட்டார்கள்.

நிலா: பாட்டி, ‘கெடுத்து’ என்ற சொல் வேண்டாமே. அவள் எங்கே கெட்டாள்? அப்புறம் தண்ணீர் ஊற்றுவது எதற்கு? அழுக்கு இருக்கிறது என்று ஒப்புக்கொள்வது மாதிரி இல்லையா?

வசந்தா அத்தை: சொல் விஷயத்தில் நீ சொல்வது சரிதான், பழகின வாய். தண்ணீர் விஷயத்தில் நானும் மூன்று நாள் யோசித்தேன். அந்தப் பெண்ணே தான் அழுக்காகிவிட்டதாக நினைத்து நடுங்கிக்கொண்டிருக்கிறாள். வெறும் வாய்ப்பேச்சு அவளுக்குள் இறங்காது. உடம்பில் பட்டால்தான் நம்புவாள். அந்த அம்மாவுக்குத் தெரிந்த ஒரே வழி ஒரு குடம் தண்ணீர்.

நாவலில் ஜெயகாந்தன் அதைத் திருப்பிப்போடுகிறார். அந்த அம்மாவுக்கு அந்தப் புத்தி வரவில்லை என்று வைத்துக்கொள். கத்திவிடுகிறாள், ஊருக்குத் தெரிந்துவிடுகிறது, அண்ணன் வீட்டைவிட்டு விரட்டுகிறான். ஒரு குடம் தண்ணீருக்குப் பதிலாக ஒரு சத்தம். அதற்கு அந்தப் பெண், கங்கா, தன் ஆயுசையே கொடுக்கிறாள். பல வருஷம் கழித்து, தண்ணீர் ஊற்றுகிற அந்தக் கதை கங்காவின் அம்மா கைக்கே வருகிறது. அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வாசலில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

கார்த்தி: நாவலுக்குத்தானே 1972-ல் சாகித்ய அகாதெமி?

வசந்தா அத்தை: ஆமாம். படத்தில் கங்காவாக நடித்த லட்சுமிக்கு தேசிய விருது. திரைக்கதையும் ஜெயகாந்தனே எழுதினார், அதனால் பேச்சு கெடவில்லை. லட்சுமி கோபத்தை முகத்தில் காட்டாமல் கழுத்தில் வைத்திருப்பார், பார்.

நான்: இந்த மாதம் ஏன் திடீரென்று இதை எடுத்தீர்கள் அத்தை?

வசந்தா அத்தை (8.51): என் அம்மாவின் டிரங்குப் பெட்டியை ஒழித்தேன். அம்மா கோணி ஊசியால் தைத்து வைத்த தொடர்கதைக் கட்டுகள் இருக்கிறதே, அதில் ஒன்றுக்குள் விகடனிலிருந்து கத்தரித்த இந்தக் கதை இருந்தது. நான்காக மடித்த தாள். மடிப்பு இற்றுப்போன இடத்தில் சோற்றுப் பசை தடவி, பின்பக்கம் வெள்ளைத் தாளைக் கீற்றாக ஒட்டியிருக்கிறாள். ஒரு தடவை படித்து எடுத்து வைத்தால் மடிப்பு அப்படி இற்றுப்போகாது.

அம்மா: மாமி இதை என்னிடம்கூடக் காட்டியதில்லையே.

வசந்தா அத்தை: யாரிடமும் காட்டவில்லை அண்ணி. 1974 ஐப்பசியில் நான் பியுசி, பள்ளி முடித்துக் கல்லூரியில் படிக்கிற முதல் வருஷம். கும்பகோணத்திலிருந்து கிளம்பின கடைசி பஸ் பாதி வழியில் நின்றுவிட்டது. நடவு முடிந்து போகிற பெண்களோடு மழையில் நடந்தே வந்தேன். வீடு சேரும்போது மணி ஒன்பதரை. அப்பா திண்ணையில் அரிக்கேன் விளக்கோடு நின்று கத்த ஆரம்பித்தார். அம்மா அவரைத் தாண்டி வந்து, புத்தகக் கட்டை என் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டு, நேராகக் கிணற்றடிக்குக் கூட்டிப் போனாள். சொம்பு சொம்பாகத் தலையில் ஊற்றினாள். எங்கே போனாய், யாரோடு வந்தாய், ஒரு வார்த்தை கேட்கவில்லை. துவட்டிவிட்டாள், ரசம் சோறு போட்டாள். என் புத்தகங்களை அடுப்படியில் விரித்துக் காய வைத்தாள்.

எனக்கு ஒன்றும் நடக்கவில்லை. பஸ் நின்றதுதான் நடந்தது. ஆனால் அம்மாவுக்கு அது தெரியாதே!

பெரியப்பா: வசந்தா, மழையில் நனைந்து வந்தால் சளி பிடிக்காமல் இருக்கத் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவது நம் வீட்டு வழக்கம். எனக்கும் ஊற்றியிருக்கிறாள்.

வசந்தா அத்தை: நானும் இத்தனை வருஷம் அப்படித்தான் நினைத்தேன் அண்ணா. உங்களுக்கு ஊற்றும்போது திட்டிக்கொண்டே ஊற்றுவாள். அன்றைக்குப் பேசவே இல்லை. அம்மா பேசாமல் ஒரு வேலை செய்து நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

பெரியப்பா (9.04): இல்லை.

பெரியப்பா (9.06): அப்பாவை அன்றைக்கு அம்மா உள்ளே போகச் சொன்னாள். அது ஞாபகம் இருக்கிறது. அப்பா போனார்.

நிலா: பாட்டி, தண்ணீரைப் பற்றி நான் சொன்னதைத் திரும்பப் பெறவில்லை. ஆனால் அந்தத் தாளை நான் பார்க்க வேண்டும்.

வசந்தா அத்தை: திரும்பப் பெற வேண்டாம் கண்ணு. வந்து பார்.

நான்: அத்தை, லேமினேட் பண்ணிக் கொண்டுவரட்டுமா?

செல்வி அக்கா: ஐயோ, வேண்டவே வேண்டாம். நூலகத்தில் இதைத்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். லேமினேட் பண்ணினால் அந்த பிளாஸ்டிக்கை அப்புறம் பிரிக்க முடியாது. மடிக்காமல், இரண்டு நல்ல வெள்ளைத் தாளுக்கு நடுவில் வைத்து, வெயிலும் ஈரமும் படாத இடத்தில் வையுங்கள் அத்தை. ஃபிளாஷ் போடாமல் ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள். பசை ஒட்டின கீற்றைப் பிரிக்காதீர்கள்.

வசந்தா அத்தை: பிரிப்பேனா.

பெரியப்பா: சனிக்கிழமை வருகிறேன். எழுத்து பொடியாக இருந்தால் நீதான் படித்துக் காட்ட வேண்டும்.

வசந்தா அத்தை: வாங்க அண்ணா. மழையாக இருக்கிறது, பகல் பஸ்ஸிலேயே வந்துவிடுங்கள்.