சிஎம்எல்: ரிப்போர்ட்ல ஒண்ணுமே இல்லைன்னு வந்தும் மாத்திரை எதுக்கு?

செல்வி_திண்டுக்கல்:
அப்பாவுக்கு சிஎம்எல், ரத்தப் புற்றுநோய்ல ஒரு வகை. பல வருஷமா தினமும் இமாட்டினிப் 400 மி.கி. மாத்திரை சாப்பிடறாரு. இந்த தடவை பிசிஆர்-ஏபிஎல் (BCR-ABL, ரத்தத்துல இந்த நோயோட அடையாள ஜீன் இருக்கான்னு பாக்குற டெஸ்ட்) ரிப்போர்ட்ல "நாட் டிடெக்டட்"னு வந்துருச்சு, வீட்ல எல்லாருக்கும் அவ்ளோ சந்தோஷம், ஆனா இப்ப அப்பா "அதான் போயிருச்சே, இன்னும் எதுக்கு"ன்னு கேக்குறாரு, கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்குது, காலைல கண்ணைச் சுத்தி வீங்கிருது. டாக்டர் ஸ்டெம் செல்ல நோய் ஒளிஞ்சிருக்கும், நிறுத்தாதீங்கன்னு சொன்னாங்க, ஓபி கூட்டத்துல அதுக்கு மேல கேக்க முடியல. ஸ்டெம் செல்னா நல்லதுதானே, அதுல எப்படி கேன்சர்?

லேப்_முருகன்:
முதல்ல, அப்பா தானா மாத்திரைய நிறுத்தாம பாத்துக்கோங்கம்மா.
நம்ம ரத்தம் முழுக்க எலும்பு மஜ்ஜைல இருக்குற ஸ்டெம் செல்ல இருந்துதான் வருது. சிஎம்எல்ல அந்த மாதிரி ஒரு செல்லுக்குள்ள 9வது, 22வது குரோமோசோம் உடைஞ்சு இடம் மாறி ஒட்டிக்குது, அதுல உருவாகுற புரோட்டீன் "பெருகு பெருகு"ன்னு ஓயாம சிக்னல் குடுக்குது. சாதாரண வெள்ளணு பெரும்பாலும் கொஞ்ச நாள்ல செத்துரும், அதுல கோளாறு வந்தா அதோட போச்சு, ஆனா ஸ்டெம் செல் வருஷக்கணக்கா இருக்கும், தன்னையே இன்னொண்ணாவும் உண்டாக்கிக்கும், அதனால கோளாறு தங்கிருது. இமாட்டினிப் அந்த புரோட்டீனைத்தான் அடைக்குது. அதை நம்பி வாழுற செல்லெல்லாம் சாகுது, ஆனா பெருகாம தூங்கிட்டு இருக்குற ஸ்டெம் செல் அந்த சிக்னல் இல்லாமலே பொழைச்சுக்கும். வயல்ல கோரையை மேல அறுத்துட்டு கிழங்கை விட்ட மாதிரிதான். நாட் டிடெக்டட்னா டெஸ்ட் பிடிக்கிற அளவுக்குக் கீழ இருக்குன்னு மட்டும்தான் அர்த்தம்.

ரேவதி.கே:
முருகன் அண்ணா சொன்னது சரி, ஆனா ஆயுசு முழுக்கவான்னா அப்படி இல்ல. பிரான்ஸ்ல ரெண்டு வருஷத்துக்கு மேல "நாட் டிடெக்டட்"லயே இருந்தவங்களுக்கு இமாட்டினிப் நிறுத்திப் பாத்தாங்க, 2010ல ரிசல்ட் வந்துச்சு, ஒரு வருஷம் கழிச்சு சுமார் 40 சதவீதம் பேருக்கு நோய் திரும்பல. திரும்பினவங்களுக்கு பெரும்பாலும் முதல் ஆறு மாசத்துக்குள்ளயே வந்துச்சு, மறுபடி ஆரம்பிச்சதும் மாத்திரை கேட்டுச்சு. ஆனா நிறுத்தினா ஆரம்பத்துல மாசாமாசம் டெஸ்ட் எடுக்கணும், ஒரு ரிப்போர்ட்டை வச்சு முடிவு பண்ற விஷயமே இல்ல.

செல்வி_திண்டுக்கல்:
ரொம்ப நன்றி ரெண்டு பேருக்கும். அப்ப மார்பகம், தோல்னு எல்லா கேன்சருக்கும் இதே கதைதானா?

ரேவதி.கே:
எல்லாத்துக்கும் சொல்ல முடியாது செல்வி. 1994ல கனடாவோட டொராண்டோல ஜான் டிக்ங்கிற ஆராய்ச்சியாளரோட குழு, ஏஎம்எல் (ரத்தப் புற்றுநோய்ல இன்னொரு வகை) நோயாளிகளோட செல்லை எதிர்ப்பு சக்தி கம்மியான எலிக்குள்ள செலுத்தினப்ப ரொம்ப அரிதான ஒரு வகை செல்தான் நோயை வளர்த்துச்சு. 2003ல மார்பகக் கட்டிலயும் அதே மாதிரி பாத்தாங்க. ஆனா 2008ல மெலனோமாங்கிற தோல் கேன்சர்ல, எதிர்ப்பு சக்தி இன்னும் கம்மியான எலில வச்சப்ப கிட்டத்தட்ட நாலுல ஒரு செல் கட்டியை உண்டாக்கிருச்சு. அதனால எல்லா கேன்சருக்கும் வேர்ல ஒரு சில செல்தான்னு அடிச்சுச் சொல்றதை நம்பாதீங்க.

லேப்_முருகன்:
கால் இழுக்குறது, கண் வீக்கம் ரெண்டுமே இமாட்டினிப்ல சகஜம்தான்மா, அதுக்காக அப்பா சகிச்சுக்கிட்டே இருக்கணும்னு இல்ல, அடுத்த ஓபில இதை முதல்ல சொல்லுங்க. டோஸை மாத்தலாமா, வேற மாத்திரை குடுக்கலாமான்னு டாக்டர் பாப்பாங்க. பழைய ரிப்போர்ட் எல்லாத்தையும் தேதி வாரியா ஒரே ஃபைல்ல போட்டு எடுத்துட்டுப் போங்க.