ராயபுரம் கடல் காற்றில் பொடியாகும் லாந்தனம் கார்பைடு: வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். கதிரியக்க அயனிக் கற்றையை உருவாக்கப் புரோட்டான் மோதவிடும் பொருளான டார்கெட் பற்றி எம்.எஸ்ஸி. புராஜெக்ட் செய்கிறேன். ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தின் ஐசோல்டே கூடத்தில் யுரேனியம் கார்பைடை 2000 டிகிரி அளவுக்குச் சூடாக்கிப் புரோட்டான் பாய்ச்சுவார்கள். உருவாகும் அணு சிதைவதற்குள் நுண்துளைகள் வழியாக வெளியேற வேண்டும், அதனால் துளைகள்தான் உயிர். யுரேனியம் நம் கைக்கு வராது. வேதியியலில் நெருக்கமான லாந்தனம் கார்பைடில் துளை அமைப்பைப் படிக்கிறேன்.

3.26 கிராம் லாந்தனம் ஆக்சைடு, 1.32 கிராம் கிராஃபைட். கலந்து, 13 மி.மீ. டையில் (அச்சில்) பெல்லட்டாக, அதாவது வில்லையாக அழுத்தி, வெற்றிட உலையில் 1600 டிகிரி. எடுக்கும்போது பெல்லட் நன்றாகவே இருக்கிறது. மறுநாள் காலை ஓரத்தில் மயிரிழை விரிசல், மாலைக்குள் தொட்டாலே உதிரும் சாம்பல் நிறப் பொடி. மூடியைத் திறந்தால் வெல்டிங் பட்டறைக் கார்பைடு வாடை. ஈரம்தான் காரணம், எந்தச் சேர்மம் என்று காட்டும் எக்ஸ்ரே டிஃப்ராக்ஷன் சோதனையிலும் ஹைட்ராக்சைடு தெரிகிறது. லேப் ராயபுரத்தில், ஜன்னலைத் திறந்தால் துறைமுகக் காற்று.

ஆக்சைடை முதலில் 900 டிகிரியில் வறுத்துப் பார்த்தேன். எடை சரியாக வந்தது, பெல்லட் பிழைக்கவில்லை. ஈரத்தை உறிஞ்ச சிலிக்கா ஜெல் போட்ட டெசிகேட்டரில் (காற்றுப் புகாத மூடிய பாத்திரத்தில்) ஒரு நாள் கூடுதலாகத் தாங்கியது, அவ்வளவுதான். வேக்கம் கவரில் வைத்ததும் மூன்றாம் நாள் உதிர்ந்தது. பாரஃபின் எண்ணெயில் போட மனம் வரவில்லை, துளைக்குள் புகுந்தால் அளவெடுக்கவே முடியாது. இரண்டு மாதத்தில் நான்கு பேட்ச் போயிற்று. எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்புக்கு முறை வர மூன்று நாளாகிறது. எங்களிடம் கிளவ்பாக்ஸ் (ஈரமில்லா வாயு நிரப்பி, கையுறை வழியே வேலை செய்யும் பெட்டி) இல்லை, ஆர்கான் சிலிண்டர் மட்டும் உண்டு.

கிளவ்பாக்ஸ் இல்லாமல், துளைகள் கெடாமல், இந்தப் பெல்லட்டை மூன்று நாள் காப்பாற்றுவது எப்படி?