காலை வாரிய டி-பஸ் இணைப்புகள்: அனுபவப் பகிர்வு

திண்ணைவாசி:

லினக்ஸில் நிரல்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பிக்கொள்ளும் வழியே டி-பஸ். அதற்கான எஸ்டி-பஸ் நூலகத்தைச் சொந்த நிகழ்வுச் சுழலோடு (செய்திகளுக்காகக் காத்திருந்து கையாளும் பகுதி) பொருத்தியவர்களுக்கு நான் சொல்லப்போவது உடனே விளங்கும். தொழிற்சாலையில் நிறுவப்பட்ட ஒரு கேட்வே கருவியில் எங்கள் டீமன் (பின்னணியில் இயங்கும் நிரல்) ஓடுகிறது. அது வேறொரு சேவைக்குக் கோரிக்கை அனுப்பி, அந்தச் சேவை உறைந்துபோயிருந்தால் இயல்பான 25 விநாடி கழித்து டைம்அவுட் பிழையைப் பெற்று, அடுத்த வேலையைப் பார்க்க வேண்டும். எங்கள் மேசையில், சற்றுத் தாமதமாக என்றாலும், அது நடந்தது. வாடிக்கையாளர் இடத்தில் மட்டும் டீமன் பேச்சுமூச்சின்றிக் கிடந்தது.

நிரல் இயங்குதளத்தை அழைப்பதையெல்லாம் காட்டும் ஸ்ட்ரேஸை இணைத்தபோது திரையில் ஒரே ஒரு வரி நின்றது. அது, செய்தி வரும்வரை காத்திருக்கும் ‘போல்’ அழைப்பு. அதன் மூன்றாவது அளவுருவாக, அதாவது காத்திருப்பின் கால வரம்பாக, 1036 என்று தொடங்கும் பத்து இலக்க எண் இருந்தது. மில்லிசெகண்டில் உள்ள அந்த எண்ணை நாளாக மாற்றினால் 12 வருகிறது. கருவி ஓடிய காலத்தைச் சொல்லும் ‘அப்டைம்’ கட்டளையைப் பக்கத்து டெர்மினலில் தட்டியபோது அதுவும் 12 நாள் என்றே காட்டியது. அந்த இரண்டு பன்னிரண்டுகளையும் அருகருகே பார்த்தது இன்னும் மனத்தை விட்டு அகலவில்லை.

நூலகத்தின் ‘எஸ்டி_பஸ்_கெட்_டைம்அவுட்’ அழைப்பு தருவது இன்னும் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதை அன்று. கருவி தொடங்கியதிலிருந்து எண்ணும் மோனோடோனிக் கடிகாரத்தின்படி எந்தக் கணத்தில் விழிக்க வேண்டும் என்பதை, அதுவும் மைக்ரோசெகண்டில். எங்களுக்கு முன் அந்த நிரலை எழுதியவர் அதை ‘போல்’ அழைப்புக்குக் கொடுக்கும் முன் ஆயிரத்தால் வகுத்து அலகை ஒழுங்காக மாற்றியிருந்தார். நடப்பு நேரத்தைக் கழிக்கவில்லை. ஆகவே கருவி ஓடிய காலம் எவ்வளவோ, காத்திருப்பும் அவ்வளவு நீண்டது. சோதனைப் பலகையை ஒவ்வொரு புதிய இமேஜுக்கும் மறுதொடக்கம் செய்துகொண்டே இருந்ததால் அங்கே அது சில நிமிடங்களைத் தாண்டவே இல்லை.

அதைவிட உறுத்துவது வேறு. ‘போல்’ ஏற்கும் காலம் 32 பிட் முழு எண் என்பதால், அப்டைம் ஏறத்தாழ 25 நாளை எட்டியதும் அந்த மதிப்பு எதிர்ம எண்ணாகிவிடும். எதிர்ம எண் என்றால் முடிவின்றிக் காத்திருப்பது என்று பொருள். அப்படி நின்றுபோன கருவிகளை மின்சாரக் கோளாறு என்று எண்ணி அணைத்துப் போட்டவர்கள் எத்தனை பேரோ.

நிரல்வண்டு:

திண்ணைவாசி அவர்களே, மறுதொடக்கத்தால்தான் பிழை மறைந்தது என்பதை என்னால் முழுதும் ஏற்க இயலவில்லை. அந்த இணைப்பில் வேறு எந்தச் செய்தி வந்தாலும் ‘போல்’ விழித்துக்கொள்ளும். அதன்பின் அழைக்கப்படும் ‘எஸ்டி_பஸ்_பிராசஸ்’, காலாவதியான கோரிக்கையைத் தானே கண்டெடுத்துப் பிழையாக்கிவிடும். சிக்னல்கள் (சேவைகள் பொதுவாகப் பரப்பும் அறிவிப்புகள்) ஓயாமல் வந்து விழும் இணைப்பில் இந்தப் பிழை ஆண்டுக்கணக்கில் தலைகாட்டாது. உங்கள் டீமன் எந்தச் சிக்னலுக்கும் மேட்ச் விதி (எந்தச் சிக்னல் வேண்டும் என்ற பதிவு) வைக்காமல் இருந்திருக்க வேண்டும். விசாரிக்க வேண்டியது அதைத்தான்.

என் கதை டி-பஸ்ஸின் மூல நூலகமான லிப்-டிபஸ் சார்ந்தது. நேரடியாகப் பயன்படுத்துவோர் வலியை விலைகொடுத்து வாங்குகிறார்கள் என்ற பொருளில் தன் ஆவணத்திலேயே எச்சரித்துவிட்ட நூலகம் அது. என் கைக்கு வந்த பழைய சேவை ஒன்றில், தாய்ச் செயல்முறை, கணினி முழுமைக்கும் பொதுவான சிஸ்டம் பஸ்ஸுக்கு இணைப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, பிறகு ஃபோர்க் செய்து (தன்னையே நகலெடுத்து) இரண்டு சேய்களை உருவாக்கியது. ஒரு சேய் யுபவரிடம் பேட்டரி அளவைக் கேட்கும். மற்றது யுடிஸ்க்ஸிடம் வட்டுகளின் பட்டியலைக் கேட்கும். எப்போதாவது பேட்டரியைக் கேட்ட சேய், டபுள் (தசம எண்) எதிர்பார்த்த இடத்தில் அரே (பட்டியல்) வந்திருப்பதாக லாகில் புலம்பிவிட்டுச் செத்துவிடும்.

பஸ்ஸில் போகும் செய்திகளைக் காட்டும் டிபஸ்-மானிட்டரை ஓடவிட்டுப் பார்த்தேன். அடுத்தடுத்து இரண்டு கோரிக்கைகள். இரண்டுக்கும் அனுப்புநர் :1.87 (இணைப்புக்குப் பஸ் தரும் தனிப்பெயர்), இரண்டுக்கும் சீரியல் (செய்தியின் வரிசை எண்) 14. ஃபோர்க் செய்தபோது சாக்கெட்டோடு சேர்ந்து சீரியல் எண்ணியும் நகலாகியிருந்தது. பஸ்ஸின் பார்வையில் இருவரும் ஒருவரே. 14-க்கான பதில் இரண்டு முறை வருகிறது, சாக்கெட்டை முந்திப் படிப்பவர் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்கிறார். இதைத் தன் கண்ணால் பார்த்த எவரும் ஃபோர்க்குக்கு முன் இணைப்பைத் திறக்கத் துணியமாட்டார். எஸ்டி-பஸ் இந்த இடத்தில் கறாரானது: சேயில் அந்த இணைப்பைத் தொட்டவுடனே ஈசைல்டு பிழையைத் திருப்பிவிடும்.

மூன்றாம்_ஷிப்ட்:

நான் நிரலர் அல்லன். சர்வர் பராமரிப்பில் இருப்பவன். குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரானில் ஓடிய ஸ்கிரிப்ட் ஒன்று, பயனரின் சொந்தச் சேவைகளைக் கையாளும் ‘சிஸ்டம்சிடிஎல் --யூசர்’ கட்டளையை அழைத்து, “ஃபெய்ல்டு டு கனெக்ட் டு பஸ்: நோ மீடியம் ஃபவுண்ட்” என்று தோற்றது. முந்தைய ஷிப்டில் இருந்தவர் ‘மீடியம்’ என்றால் வட்டு என்று கொண்டு ஸ்டோரேஜ் குழுவுக்கு டிக்கெட் போட்டுவிட்டார். அவர்களும் பெருந்தன்மையோடு வட்டு அறைகளையெல்லாம் சோதித்து, எல்லாம் நலம் என்று பதில் எழுதியிருந்தார்கள். கிரானின் சூழலில் எக்ஸ்டிஜி_ரன்டைம்_டைர் மாறி இல்லை, பயனருக்குரிய செஷன் பஸ்ஸின் முகவரியும் இல்லை. பஸ் எங்கே என்று கட்டளைக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான் சங்கதி. அந்தப் பயனருக்கு லிங்கரை (அவர் உள்நுழையாதபோதும் அவர் சேவைகளை ஓடவிடும் அமைப்பு) இயக்கி, மாறியையும் ஸ்கிரிப்டில் அமைத்த பின் சரியாகிவிட்டது.

பழுதுநீக்கி:

நிரல்வண்டு அவர்களின் குற்றச்சாட்டு பஸ்ஸின் மேல் விழுவது நியாயமன்று. எந்தச் சாக்கெட்டை ஃபோர்க் செய்து பகிர்ந்தாலும் இதே கதிதான். தரவுத்தள இணைப்புகளிலும் இதையேதான் காண்கிறோம்.

என் அனுபவம் சிறியது. ஒரு நாள், பஸ் வழியாகவே இயங்கும் லாகின்சிடிஎல், ஹோஸ்ட்நேம்சிடிஎல் கட்டளைகள் இரண்டும் வேலை செய்யவில்லை. யுஐடி 0-க்கான (ரூட் பயனரின்) இணைப்புகள் உச்சவரம்பை எட்டிவிட்டதாகச் செய்தி வந்தது. சிஸ்டம் பஸ்ஸில் ஒரு பயனருக்கு இயல்பாக அனுமதிக்கப்படுவது 256 இணைப்பு. ரூட் பயனராக ஓடிய எங்கள் டீமன் ஒவ்வொரு கோரிக்கைக்கும் புது இணைப்பைத் திறந்து, வெற்றி பெற்றால் மூடியது. பதில் பிழையாக வந்தால் பாதியிலேயே ரிட்டர்ன் ஆகி, மூடாமல் விட்டது. ஒரு சென்சாரைக் கழற்றி வைத்த அன்றுதான் பிழைகள் குவிந்தன. இணைப்புகளைப் பட்டியலிடும் ‘பஸ்சிடிஎல் லிஸ்ட்’ கொடுத்தபோது ஒரே பிஐடியின் (செயல்முறை எண்) கீழ் :1 என்று தொடங்கும் பெயர்கள் பக்கம் பக்கமாக ஓடின. டீமனை நிறுத்தியவுடன் எல்லாம் விடுபட்டன.

இதையொட்டிச் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். ‘ஓப்பன்’ என்று தொடங்கும் அழைப்புகள் ஒவ்வொரு முறையும் புது இணைப்பைத் தருகின்றன. ‘டிஃபால்ட்’ வகை அழைப்புகள் அந்த த்ரெட்டுக்கு (நிரலுக்குள் இணையாக ஓடும் கிளை) உரிய ஒரே இணைப்பைத் திரும்பத் திரும்பத் தருகின்றன. நிரல் எழுதுவோர் பெரும்பாலும் இரண்டாவதைத்தான் நாட வேண்டும். எஸ்டி-பஸ் இணைப்பை ஒரே நேரத்தில் இரண்டு த்ரெட்டுகள் தொடக்கூடாது. மியூடெக்ஸ் பூட்டுப் போட்டுச் சமாளிப்பதைவிட, த்ரெட்டுக்கு ஒன்றாக வைத்துக்கொள்வதே நல்லது. அடுத்து, இணைப்பு என்பது அழைப்பு திரும்பியவுடன் முழுமையடைந்துவிடுவதில்லை. அங்கீகாரம் முடிய வேண்டும், ‘ஹலோ’ போய் வர வேண்டும், அப்போதுதான் தனிப்பெயர் கிடைக்கும். அதற்குள் அனுப்பிய சிக்னல் வரிசையில்தான் காத்திருக்கும். வரிசையில் உள்ள செய்தி இணைப்பைப் பிடித்துக்கொண்டிருக்கும், இணைப்பு செய்தியைப் பிடித்துக்கொண்டிருக்கும். வெறுமனே ‘அன்ரெஃப்’ செய்து கைவிட்டால் இரண்டும் நினைவகத்தில் தங்கிவிடும், சிக்னலும் போய்ச் சேராது. அதற்காகவே ‘ஃப்ளஷ்_குளோஸ்_அன்ரெஃப்’ என்று ஓர் அழைப்பை வைத்திருக்கிறார்கள். ஜிசிசி கம்பைலரின் ‘கிளீன்அப்’ பண்பை மாறியோடு சேர்த்துவிட்டால் எந்த வழியாக ரிட்டர்ன் ஆனாலும் அது தானாக நடக்கும். உச்சவரம்பைக் கான்ஃபிக் கோப்பில் உயர்த்தி வைப்பது தீர்வாகாது. கசிவு நிற்காதவரை 256 நிரம்பியதுபோல் 2,560-ம் ஒருநாள் நிரம்பத்தான் செய்யும்.

கொசுறு:

பகிர்ந்த இணைப்பையே நாடுங்கள் என்று பழுதுநீக்கி எளிதாகச் சொல்லிவிட்டார். எஸ்டி-பஸ்ஸில் அது சரி. லிப்-டிபஸ்ஸில் ‘டிபஸ்_பஸ்_கெட்’ தரும் இணைப்போடு கேட்காத வரம் ஒன்றும் சேர்ந்தே வருகிறது: பஸ் அறுந்தால் நூலகமே செயல்முறையை முடித்துவிடும். எங்கள் இடத்தில் யாரோ ஒருவர், பஸ்ஸை நடத்தும் டிபஸ்-டீமனை மறுதொடக்கம் செய்தார். அளவீடுகளைச் சேகரிக்கும் எங்கள் நிரல் அந்த நொடியே மறைந்தது. கோர் டம்ப் (செத்த நிரலின் நினைவகப் பதிவு) இல்லை, நிரலைக் கொல்லும் சிக்னல் இல்லை, லாகில் கடைசி வரிகூட பாதி வாக்கியத்தில் நின்றிருந்தது. எக்ஸிட் எண் 1 மட்டுமே மிச்சம். நூலகம் அழைப்பது அடிக்கோடுள்ள ‘_எக்ஸிட்’ என்பதால் முடிவில் ஓட வேண்டிய ‘அட்எக்ஸிட்’ ஒப்படைப்புகள் ஓடா, எழுதாத பஃபரும் கோப்புக்குப் போகாது. செக்ஃபால்ட்டாக இருந்தால்கூட ஒரு தடயம் கிடைத்திருக்கும்.

‘எக்ஸிட்_ஆன்_டிஸ்கனெக்ட்’ அமைப்பை இணைப்பு கிடைத்த மறுவரியிலேயே அணைத்துவிட்டோம். மற்றொரு நூலகமான ஜிடிபஸ்ஸிலும் ‘ஜி_பஸ்_கெட்’ தரும் இணைப்புக்கு இதே குணம் உண்டு. அங்கே சிக்டெர்ம் (நிரலை முடிக்கச் சொல்லும் சிக்னல்) வரும் என்பதால் குறைந்தபட்சம் காரணமாவது தெரியும்.

நிரல்வண்டு:

கொசுறு அவர்களே, அதை அணைத்ததோடு நின்றுவிட்டீர்களா? மீண்டும் இணையும்போது தனிப்பெயர் புதிது. முன்பு வாங்கிய பெயர்களும் மேட்ச் விதிகளும் பழைய இணைப்போடு போய்விட்டிருக்கும். அவற்றையெல்லாம் திரும்பப் பதியாத நிரல் உயிரோடிருந்தும் ஒரு சிக்னலைக்கூடப் பெறாது. அந்த நிலைக்கு நூலகம் முடித்துவைத்ததே மேல் என்பேன். சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி அதை மறுபடி எழுப்பியாவது விடும்.

கொசுறு:

பெயரை மறுபடி கோருகிறோம், மேட்ச் விதிகளையும் சேர்க்கிறோம். ஆனால் இடைப்பட்ட நேரத்தில் தவறிய சிக்னல்களை ஈடுசெய்ய, இணைந்தவுடன் ஒவ்வொரு சேவையிடமும் ‘கெட்ஆல்’ கேட்டு நடப்பு நிலையை முழுதாக வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. டெபியனில் டிபஸ் பொதியைப் புதுப்பிக்கும்போது டீமனைத் தொடாமல் கணினியையே மறுதொடக்கம் செய்யச் சொல்வது ஏன் என்று அதை எழுதி முடித்தபோது விளங்கியது.