பொருள்: ‘நம்பிக்கை’ போதுமா?

வணக்கம்.

> ‘ஃபெய்த்’துக்கு ‘நம்பிக்கை’ இருக்கிறதே, புதுச்சொல் எதற்கு?

போதாது, மாஸ்ரர். ஐந்து மணி பஸ் வரும் என்பதும் நம்பிக்கை, கடன் வாங்கினவர் திருப்பித் தருவார் என்பதும் நம்பிக்கை, செத்தபிறகும் உயிர் இருக்கிறது என்பதும் நம்பிக்கை. பஸ்ஸைச் சந்தியில் நின்று பார்த்துவிடலாம். கடைசிக்கு அந்த வசதி இல்லை. நம் கலைச்சொல் பட்டியலுக்கு, அதற்கு மட்டும் உரிய சொல்லைத்தான் தேடுகிறோம். ‘குருட்டு நம்பிக்கை’ வேண்டாம், அது வசவு. ‘விசுவாசம்’ இங்கே தேவாலயத்துச் சொல்லாகிவிட்டது. தமிழ்நாட்டு நண்பர்களுக்கோ முதலில் நாய்தான் நினைவுக்கு வரும்.

போன கிழமை ஓர் அந்தியேட்டிக்கு, அதாவது இறந்தவருக்குச் செய்யும் கிரியைக்கு, போயிருந்தேன். கீரிமலையில் கிரியை முடிந்து வீட்டுக்கு வந்ததும் கல்வெட்டு எனும் நினைவுப் புத்தகம் தந்தார்கள். முதற்பக்கத்தில் படம், திதி வெண்பா, கீழே ‘சிவபதமடைந்தார்’. திகதியை மரணச் சான்றிதழோடு ஒப்பிடலாம். சிவபதத்தை எதனோடு ஒப்பிடுவது? தமிழில் கேள்விப்பட்டதைச் சொல்ல ‘ஆம்’ இருக்கிறது. ‘சிவபதமடைந்தாராம்’ என்று அச்சடித்துப் பாருங்கள், சொந்தக்காரர் அச்சகத்துக்கே வந்து சண்டை பிடிப்பார்கள். அவர்களுக்கு அது கேள்விப்பட்ட செய்தி அல்ல. கண்ணால் கண்டதும் அல்ல. பிறகு என்ன?

ஒன்றை எப்படி அறிகிறோம் என்பதற்கு நம்மிடம் பழைய அளவைச் சொற்கள் உண்டு: காண்டல் (நேரில் காண்பது), கருதல் (ஊகித்து அறிவது), உரை. கடவுளை மறுத்த உலகாயதர் காண்டலோடு நின்றுகொண்டார்கள்; சைவ சித்தாந்திகள் மூன்றையும் ஏற்றார்கள். உரை என்பது ஆகமம், நம்பத்தக்கவர் வாக்கு. துணிபு என்றால் முடிவு. உரையைப் பற்றிக்கொண்டு எடுத்த முடிவு என்பதால் ‘உரைத்துணிபு’ என்று வைக்கலாம் என்பது என் முன்மொழிவு. பக்கத்தில் ‘துணிவு’ நிழலாடுவதும் எனக்குப் பிடித்திருக்கிறது.

எதிர்ச்சொல்லுக்கு ‘சான்று’ என்று எழுதியிருந்தீர்கள். அதுவும் சரிவராது. சான்று வேறு, எண்பிப்பு, அதாவது நிரூபித்துக் காட்டுவது, வேறு. நீதிமன்றத்துக்குப் போய்வந்தவர்களுக்கு எண்பிக்கும் சுமை யாருடையது என்ற சண்டை தெரியும். கணக்குப் பாடத்து ‘நிறுவல்’ இன்னும் இறுக்கமானது, அதை இங்கே இழுக்க வேண்டாம். ஓர் உதாரணம். இதயம் நின்று பிழைத்தவர்களின் அனுபவங்களைப் பற்றி மருத்துவர் சாம் பார்னியா குழு 2014இல் வெளியிட்ட ஆய்வில், மருத்துவமனைகளில் உயரே தட்டுகள் பூட்டி, உடலை விட்டு மேலே மிதந்து பார்ப்பவர் கண்ணுக்கு மட்டும் படும்படி படங்கள் வைத்தார்கள். 2,060 இதயநிறுத்தங்கள். பிழைத்துப் பேட்டி கொடுத்தவர்கள் 140 பேர். நடந்ததைக் கண்டதாகவும் கேட்டதாகவும் விவரித்தவர்கள் இருவர்தான். அந்த இருவருக்கும் இதயம் நின்றது தட்டு இல்லாத இடத்தில்! ஒருவருடைய விவரத்தை நடந்ததோடு ஒப்பிட முடிந்தது. அது சான்று என்ற பெட்டிக்குள் வரும். எண்பிப்பு ஆகாது.

> ‘உரைத்துணிபு’ என்றால் பிள்ளைகள் உரைநடையின் ஒரு வகை என்று நினைப்பார்கள்.

நினைக்கட்டும், அண்ணை. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிசனைச் சேர்ந்த வைத்தியர் கிறீன் மருத்துவத்தைத் தமிழில் படிப்பித்த 19ஆம் நூற்றாண்டிலும் சொற்கள் இப்படித்தான் நெருடியிருக்கும். சொல் புழங்கினால் பழகிவிடும்.

என்னை உறுத்துவது வேறொன்று. அப்பாவின் திவசத்தன்று வேலியில் வைத்த சோற்றுக்குக் காகம் ஒன்று வந்து, முதலில் கத்தரிக்காயைக் கொத்தியது. அப்பாவுக்குப் பிடித்த கறி. “அவர் வந்திட்டார், பாத்தனீயே?” என்றார் அம்மா. அம்மாவிடம் உரையும் இல்லை, துணிபும் இல்லை. அவரைப் பொறுத்தவரை அது காண்டல். இதை எந்தச் சொல்லுக்குள் போடுவது? யாராவது சொல்லுங்கள்.