இஜிஎஃப் கொடுத்த 15 நிமிடத்தில் ஏற்பியின் பாஸ்போ பேண்ட் மாயம்: செல் அணைக்கிறதா, நான் தொலைக்கிறேனா?

நிலா_லைசேட்:

எல்லோருக்கும் வணக்கம். மூன்று வாரத்தில் ஒரே பரிசோதனையை ஐந்து தடவை செய்துவிட்டேன், ஐந்து தடவையும் ஒரே மாதிரி சொதப்பல். கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்.

ஹீலா செல்கள் (ஆய்வகத்தில் வளர்க்கும் மனிதப் புற்றுநோய்ச் செல்கள்). இரவு முழுக்க சீரம் இல்லாமல் வைத்து, காலையில் மில்லிலிட்டருக்கு 100 நானோகிராம் இஜிஎஃப் (செல்லின் மேற்பரப்பில் உள்ள தன் ஏற்பியைத் தூண்டும் வளர்ச்சிக் காரணி) கொடுக்கிறேன். 0, 2, 5, 15, 30, 60 நிமிடங்களில் தட்டை ஐஸில் வைத்து, குளிர்ந்த பிபிஎஸ் உப்புக்கரைசலால் கழுவி, செல்லை உடைக்கும் லைசிஸ் பஃபர் ஊற்றிச் சுரண்டி, 20 நிமிடம் ஐஸிலேயே விட்டு, மையவிலக்கில் சுற்றி எடுக்கிறேன். அப்புறம் வெஸ்டர்ன் பிளாட் (புரதங்களை ஜெல்லில் பிரித்து, ஆன்டிபாடியால் தேடுவது). ஏற்பியின் 1068-ஆம் டைரோசினில் பாஸ்பேட் ஏறியிருந்தால் மட்டும் ஒட்டும் ஆன்டிபாடி.

வருவது இதுதான். 2, 5 நிமிடங்களில் மங்கலாக ஒரு பேண்ட். 15-லிருந்து வெறும் வெள்ளை. மொத்த ஏற்பி எல்லா லேனிலும் கிட்டத்தட்ட ஒரே அளவு, 60-இல் மட்டும் கொஞ்சம் குறைவு. ஆனால் பாஸ்போ எர்க் (ஏற்பிக்குக் கீழே சமிக்ஞையைக் கடத்தும் நொதி, பாஸ்பேட் ஏறிய நிலையில்) 5-லும் 15-லும் பளிச்சென்று நிற்கிறது.

வழிகாட்டி "பாஸ்பேட்டைக் கழற்றும் பாஸ்படேஸ் நொதிகள் அணைத்திருக்கும், அதுதானே அவற்றின் வேலை" என்கிறார். ஆய்வகத்து மூத்தவர் "பாஸ்படேஸ் தடுப்பான் போட்டாயா" என்கிறார். போட்டேன்: ஆர்த்தோவனடேட் 1 மில்லிமோலார், சோடியம் ஃபுளோரைடு, பீட்டா கிளிசரோபாஸ்பேட், மூன்றும். எர்க் வருகிறதென்றால் ஏற்பியும் வேலை செய்திருக்க வேண்டும் அல்லவா? பிறகு அந்த பேண்ட் எங்கே போனது? செல்லுக்குள் நடந்ததா, என் டியூபுக்குள் நடந்ததா என்பதை எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

ஜெல்_ஓட்டி:

ஆன்டிபாடி கண்ட இடத்தில் ஒட்டாமல் பிளாட்டை பிளாக் செய்ய எதைப் பயன்படுத்துகிறீர்கள்? பாலா? பாலில் உள்ள கேசீனே பாஸ்பேட் ஏறிய புரதம். பாஸ்போ ஆன்டிபாடிக்குப் பால் ஆகாது. பிஎஸ்ஏவுக்கு (மாட்டு ஆல்புமின் புரதம்) மாறுங்கள். இல்லையென்றால் ஆன்டிபாடியே கெட்டிருக்கும், புதிதாக வாங்கிப் பாருங்கள்.

பழைய_பிப்பெட்:

ஜெல்_ஓட்டி, பாலை மாற்றச் சொன்னது சரி. ஆனால் பால் பெரும்பாலும் பின்னணியைத்தான் கறுப்பாக்கும். 5-இல் பேண்டை விட்டுவிட்டு 15-இல் மட்டும் அழிக்கும் அளவுக்கு அதற்கு நேரம் பார்க்கத் தெரியாது. ஆன்டிபாடி கெட்டதா என்று பார்க்கப் புதிது வாங்கவும் வேண்டாம். ஒரு தட்டுச் செல்லுக்குப் பெர்வனடேட் கொடுத்துப் பத்து நிமிடம் வைத்து லைசேட் எடுத்து ஓட்டுங்கள். டைரோசின் பாஸ்படேஸ் எல்லாம் முடங்கிப்போய், பாஸ்பேட் ஏறக்கூடிய இடமெல்லாம் ஏறியிருக்கும். அதிலும் பேண்ட் வரவில்லையென்றால்தான் ஆன்டிபாடி மேல் பழி போடலாம்.

நிலா, எர்க் வருவதை ஆதாரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஏற்பியிலிருந்து ராஸ், ராஃப், மெக், எர்க் என்று இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் ஒரு நொதி அடுத்த படியில் பல மூலக்கூறுகளைத் தூண்டிவிடுகிறது. ஏற்பிகளில் சிறு பங்கு விழித்தாலே எர்க் முழுசாக எரியும். மேலே நல்ல சமிக்ஞை இருந்தாலும் மங்கலாக இருந்தாலும் கீழே ஒரே மாதிரி பளிச்சென்றுதான் தெரியும்.

எனக்கு உறுத்துவது வேறு. லைசிஸ் பஃபரில் தடுப்பான்களைச் சொன்னீர்கள், மற்றதைச் சொல்லவில்லை. முழுப் பட்டியலையும் போடுங்கள். வனடேட் என்ன நிறம் என்பதையும் சொல்லுங்கள்.

நிலா_லைசேட்:

பால்தான், மாற்றுகிறேன். பஃபர், மூத்தவருடைய நோட்டிலிருந்து எடுத்தது: டிரிஸ் 50 மில்லிமோலார், பிஎச் 7.4, உப்பு 150, டிரைட்டன் 1 சதவீதம், இடிடிஏ 5 மில்லிமோலார், டிடிடி 1 மில்லிமோலார், புரோட்டியேஸ் தடுப்பான், மேலே சொன்ன மூன்று. வனடேட் பொடியைத் தண்ணீரில் கரைத்து ஃப்ரீசரில் வைத்திருக்கிறோம். வெளிர் மஞ்சள். மஞ்சளாக இருக்கக்கூடாதா?

பழைய_பிப்பெட்:

இருக்கக்கூடாது. உங்கள் டியூபில் வனடேட் பேருக்குத்தான் இருக்கிறது. மூன்று பக்கமும் அடி வாங்கியிருக்கிறது.

முதலாவது, நிறம். மஞ்சள் என்றால் வனடேட் அயனிகள் பத்துப் பத்தாகச் சேர்ந்து டெக்காவனடேட் ஆகியிருக்கின்றன. பாஸ்படேஸின் குழிக்குள் பாஸ்பேட் போல நடித்து உட்கார வேண்டியது தனி வனடேட்தான். 200 மில்லிமோலார் கரைசலைப் பிஎச் 10-க்குக் கொண்டுவந்து, நிறம் போகும்வரை கொதிக்கவைத்து, ஆறவிட்டு, மறுபடி 10 பார்த்து, மஞ்சள் திரும்பி வராமல் பிஎச் நிலையாக நிற்கும்வரை இதையே திரும்பச் செய்யுங்கள். பிறகு சின்னச் சின்ன டியூப்களாகப் பிரித்து உறையவையுங்கள்.

இரண்டாவது, இடிடிஏ. அது வனடேட்டைப் பிடித்துக் கட்டிப்போட்டுவிடும். வனடேட் நொதியோடு நிரந்தரமாக ஒட்டுவதில்லை, ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். இறங்கியதை இடிடிஏ அள்ளிக்கொண்டால் நொதி பழையபடி ஓட ஆரம்பித்துவிடும்.

மூன்றாவது, டிடிடி. இதுதான் கொடுமை. அது வனடேட்டை ஒடுக்கிச் செயலற்றதாக்குகிறது. அதோடு நின்றால் பரவாயில்லை. டைரோசின் பாஸ்படேஸின் செயல் மையத்தில் ஒரு சிஸ்டீன் இருக்கிறது. அது ஆக்சிஜனேற்றம் அடைந்தால் நொதி நின்றுவிடும். டிடிடி அந்த சிஸ்டீன் ஆக்சிஜனேற்றம் அடையாமல் பார்த்துக்கொள்கிறது. தடுப்பானைக் கொன்று, தடுக்கவேண்டிய நொதிக்குத் தெம்பும் கொடுக்கிறீர்கள். பாம்புக்குப் பால் வார்த்த கதைதான்.

மீதி இரண்டு தடுப்பானும் செரின், திரியோனின் பாஸ்படேஸ்களுக்கானவை. டைரோசின் பக்கம் உங்களுக்குக் காவலே இல்லை. 20 நிமிடம் ஐஸில் என்றால் நொதி தூங்கிவிடாது, மெதுவாகும், அவ்வளவுதான். அதுவும் டிரைட்டன் சவ்வைக் கரைத்த பிறகு, செல்லுக்குள் தனித்தனி அறையில் இருந்ததெல்லாம் ஒரே குட்டையில் கலந்துவிடுகிறது. பிடிபி1பி என்ற டைரோசின் பாஸ்படேஸ் உயிருள்ள செல்லில் எண்டோபிளாச வலையின் மேல் உட்கார்ந்திருக்கும். உள்ளிழுக்கப்பட்ட ஏற்பி, எண்டோசோம் என்ற செல்லின் உட்பையில் வந்து சேரும்போதுதான் பெரும்பாலும் அதன் கைக்கு எட்டும். டியூபில் அந்தத் தூரம் கிடையாது.

(கேட்காத கதை ஒன்று. டைரோசினில் பாஸ்பேட் ஏறும் என்பதே ஒரு பஃபர் தவறால்தான் தெரியவந்தது. 1979-இல் டோனி ஹண்டர், பிஎச் 1.9 இருக்கவேண்டிய பஃபரைப் புதிதாகக் கலக்காமல் பழையதையே மறுபடி பயன்படுத்த, அது 1.7-க்கு இறங்கியிருந்தது. அதனால்தான் பாஸ்போ டைரோசின், பாஸ்போ திரியோனினோடு ஒட்டிக்கொள்ளாமல் தனிப் புள்ளியாக விலகி நின்றது. உங்கள் பஃபருக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.)

எண்டோசோம்_வாசி:

டியூப் விஷயம் பழைய_பிப்பெட் சொன்னபடிதான். ஆனால் எல்லாமே டியூபில் நடந்தது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். எல்லா டியூபும் ஐஸில் அதே 20 நிமிடம்தான் இருந்தன. பாஸ்படேஸ் எல்லாவற்றையும் ஒரே விகிதத்தில் தின்றிருந்தால், 5-இல் மிச்சமிருந்தது 15-இல் இல்லாமல் போனதற்குச் செல்லும் ஒரு காரணமாக இருக்கவேண்டும். அங்கே நிஜமாகவே குறைவாக இருந்திருக்கிறது. அந்தக் குறைந்ததைப் பஃபர் துடைத்துவிட்டது.

செல் எப்படி அணைக்கிறது என்பதில் வழிகாட்டி சொன்னது பாதிதான். பாஸ்பேட்டைக் கழற்றுவது ஒரு வழி. பாஸ்பேட் ஏறியதே ஆளைக் காட்டிக்கொடுப்பது இன்னொரு வழி. 1045-ஆம் டைரோசினில் பாஸ்பேட் ஏறினால் சிபிஎல் என்ற நொதி வந்து ஒட்டி, ஏற்பியில் யுபிக்விட்டின் என்ற சிறு புரதத்தை முத்திரையாகக் குத்துகிறது. அந்த முத்திரையைப் பார்த்துத்தான் எண்டோசோம் அதை உள்பைகளுக்குள் தள்ளி, சிதைத்து அழிக்கும் லைசோசோமுக்கு அனுப்புகிறது. முத்திரையைக் கழற்ற ஏம்ஷ், யுஎஸ்பி8 என்று எதிர் நொதிகளும் உண்டு. ஒட்டுகிறவனும் பிய்க்கிறவனும் பக்கத்துப் பக்கத்திலேயே.

நீங்கள் கொடுக்கும் 100 நானோகிராம் பெரிய அளவு. அந்த அளவில் யுபிக்விட்டின் நிறைய ஏறும், ஏற்பி அழிவை நோக்கிப் போகும். 1, 2 நானோகிராமில் பெரும்பாலும் மேற்பரப்புக்கே திரும்பிவிடும். 60 நிமிட லேனில் மொத்த ஏற்பி கொஞ்சம் குறைந்தது எனக்கு ஆச்சரியமாக இல்லை. 120-உம் சேர்த்துப் பாருங்கள், நன்றாகவே இறங்கியிருக்கும். புதுப் புரத உற்பத்தி கணக்கைக் குழப்பாமல் இருக்கச் சைக்ளோஹெக்சிமைடு போட மறக்காதீர்கள்.

ஆசை இருந்தால் டிஜிஎஃப் ஆல்ஃபா என்ற இன்னொரு வளர்ச்சிக் காரணியையும் ஒரு வரிசை ஓட்டுங்கள். அதே ஏற்பிதான், ஆனால் எண்டோசோமின் அமிலத்தில் டிஜிஎஃப் ஆல்ஃபா கழன்றுவிடும், இஜிஎஃப் விடாமல் பிடித்துக்கொள்ளும். முதலாவதில் ஏற்பி மேலே திரும்புகிறது, இரண்டாவதில் சாகப்போகிறது.

சுழல்_ஏஎம்பி:

நான் இஜிஎஃப் பக்கம் அல்ல, பீட்டா அட்ரினலின் ஏற்பியில் இருக்கிறேன். ஆனாலும் இதே குழியில் விழுந்தவன். அந்த ஏற்பியைத் தூண்டும் ஐசோப்ரோட்டெரெனால் கொடுத்தால் சுழல் ஏஎம்பி (செல்லுக்குள் செய்தி கடத்தும் சிறு மூலக்கூறு) ஏறவே இல்லை என்று ஒரு மாதம் தலையைப் பிய்த்துக்கொண்டேன். ஏறிக்கொண்டுதான் இருந்தது; பாஸ்போடையெஸ்டரேஸ் நொதி கூடவே உடைத்துக்கொண்டிருந்தது. அந்த நொதியைத் தடுக்கும் ஐபிஎம்எக்ஸ் போட்டதும் வந்துவிட்டது. ஆனால் ஐபிஎம்எக்ஸ் போட்டுப் பார்ப்பது உற்பத்தி எவ்வளவு என்பதை மட்டும், போடாமல் பார்ப்பது செல்லில் நிஜமாக எவ்வளவு நிற்கிறது என்பதை. இரண்டும் வேறு வேறு கேள்வி. ஜிஆர்கே கைனேஸ் ஏற்பியின் வாலில் பாஸ்பேட் ஏற்றி, அரெஸ்டின் என்ற புரதம் வந்து உட்கார்ந்து அணைப்பது அப்புறம் நடக்கும் கதை. இங்கே பாஸ்பேட் ஏறினால் அணைகிறது, உங்களுக்கு ஏறினால் எரிகிறது. முதலில் எனக்கு இது ரொம்பக் குழப்பமாக இருந்தது.

எண்டோசோம்_வாசி:

சுழல்_ஏஎம்பி, இஜிஎஃப் ஏற்பியிலும் அணைக்கும் பாஸ்பேட் உண்டு. டைரோசினில் ஏறினால்தான் எரிகிறது. பிகேசி என்ற கைனேஸ் 654-ஆம் திரியோனினில் ஏற்றினாலும், எர்க்கே திரும்பி வந்து 669-இல் ஏற்றினாலும் ஏற்பி அடங்குகிறது. நிலா, மெக் தடுப்பான் போட்டு ஒரு வரிசை ஓட்டினால், 15-இல் இறங்குவதில் எர்க்கின் பங்கு எவ்வளவு என்று கொஞ்சம் தெரியும்.

நிலா_லைசேட்:

எல்லோருக்கும் நன்றி. ஒன்பது நாள் கழித்து வருகிறேன், ஓட்டிப் பார்த்துவிட்டேன்.

ஒரே நாளில் மூன்று செட். முதலாவது பழைய பஃபர். இரண்டாவது டிடிடி, இடிடிஏ இல்லாமல், கொதிக்கவைத்து நிறம் போன வனடேட்டோடு. மூன்றாவது, தட்டிலிருந்து மீடியத்தை உறிஞ்சியதும் கொதிக்கும் 1 சதவீத எஸ்டிஎஸ் (புரதங்களை உருக்குலைக்கும் சோப்பு) பஃபரை நேரடியாக ஊற்றியது. எந்த நொதியும் கண் திறக்கவே நேரமில்லை.

மூன்றாவதில் 2, 5 நிமிடங்களில் பேண்ட் அவ்வளவு கறுப்பு, எக்ஸ்போஷரைக் குறைக்கவேண்டியதாகிவிட்டது. 15-இல் ஏறக்குறைய பாதி, 30-இல் இன்னும் குறைவு, 60-இல் நிழல் மாதிரி. இரண்டாவது செட் ஏறத்தாழ அதே வடிவம், சற்று மங்கல். பழைய பஃபரில் 15-இல் வழக்கம்போல வெள்ளை. ஆக இரண்டு பேர் சொன்னதும் உண்மை: செல்லும் இறக்குகிறது, நானும் தொலைத்திருக்கிறேன்.

எஸ்டிஎஸ் லைசேட் டிஎன்ஏவால் மூக்குச்சளி மாதிரி இழுத்தது. மெல்லிய ஊசியில் பத்துத் தடவை இழுத்துத் தள்ளியதும் சரியானது. பஃபரில் நீலச் சாயமும் டிடிடியும் சேர்க்காததால் பிசிஏ முறையில் புரதமும் அளக்க முடிந்தது. அவற்றைப் பிறகு, ஓட்டும்போது சேர்த்தேன்.

இனி, 15-இல் இறங்குவது பாஸ்படேஸ் வேலையா, பாஸ்பேட்டை ஏற்றும் ஏற்பியின் கைனேஸே சோர்ந்துவிட்டதா என்று பார்க்கவேண்டும். மொத்த ஏற்பி அப்போது குறையவில்லை என்பதால் சிபிஎல் மேல் சந்தேகம் இல்லை. எப்படிப் பார்ப்பது?

பழைய_பிப்பெட்:

இஜிஎஃப் கொடுத்து ஐந்தாவது நிமிடத்தில் ஜெஃபிட்டினிப் ஊற்றுங்கள். அது கைனேஸை நிறுத்தும், ஏறியிருக்கும் பாஸ்பேட்டைத் தொடாது. அதற்குப் பிறகு பேண்ட் விழுகிற வேகம்தான் பாஸ்படேஸின் வேகம். அரை நிமிடம், ஒன்று, இரண்டு, ஐந்து என்று எடுங்கள். தடுப்பானைக் கரைத்த டிஎம்எஸ்ஓ மட்டும் போட்ட தட்டு கட்டாயம் பக்கத்தில் வேண்டும். அப்புறம் 15-ஆம் நிமிடத்திலும் ஊற்றி அதே மாதிரி பாருங்கள். விழும் வேகம் இரண்டிலும் ஒன்றாக இருந்தால் பாஸ்படேஸ் மாறவில்லை, கைனேஸ் பக்கம்தான் தளர்ந்திருக்கிறது. இஜிஎஃப் கொடுத்ததும் செல் கொஞ்சம் ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாக்குகிறது. அது நான் சொன்ன சிஸ்டீனைத் தற்காலிகமாக முடக்குகிறது. அதனால் 5-இல் வேகம் குறைவாகவும் 15-இல் கூடுதலாகவும் இருந்தாலும் திகைக்காதீர்கள்.

ஒரே ஆளாகச் செய்வதென்றால், எல்லாத் தட்டையும் ஒரே நேரத்தில் ஆரம்பித்துவிட்டுக் கடைசியில் தட்டழியாதீர்கள். நீண்ட நேரத் தட்டுக்கு முதலில் ஊற்றி வரிசையாக இறங்குங்கள், எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே சமயத்தில் முடியும்படி. எஸ்டிஎஸ்ஸைக் கடைசிவரை அடுப்பிலேயே வைத்திருங்கள்.

நிலா_லைசேட்:

5-ஆம் நிமிடத்து வரிசை முடிந்தது. ஜெஃபிட்டினிப் ஊற்றி ஒரு நிமிடத்தில் பேண்டில் பெரும்பகுதி காணோம், இரண்டில் தேடவேண்டியிருந்தது. டிஎம்எஸ்ஓ தட்டில் அப்படியே நிற்கிறது. அசையாமல் நிற்கிறது என்று நான் நினைத்த 5 நிமிட பேண்டில் பாஸ்பேட் ஏறுவதும் இறங்குவதும் இந்த வேகத்தில் நடந்துகொண்டிருக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. 15-ஆம் நிமிடத்து வரிசைக்கு நாளை செல் பரப்புகிறேன்.

மூத்தவரிடம் பஃபர் பற்றிக் கேட்டேன். அந்தக் குறிப்பு கைனேஸ் செயல்பாட்டை அளப்பதற்காக எழுதியதாம்; அங்கே டிடிடி தேவைதான். தலைப்பு எழுத மறந்திருக்கிறார். இப்போது அந்தப் பக்கத்தின் மேலே சிவப்பு மையில் எழுதி ஒட்டியாகிவிட்டது.