‘நடைவழிப் பாலினக் கணிப்பு’: ஒரு கலைச்சொல் முன்மொழிவு

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

ஒருவர் இணையத்தில் எழுதியதை மட்டும் வைத்துக்கொண்டு, எழுதியவர் ஆணா பெண்ணா என்று கணினி சொல்லும் முறைக்குத் தமிழில் என்ன பெயர் இடலாம் என்ற கேள்விக்கு இதுவரை மூன்று பரிந்துரைகள் வந்துள்ளன: ‘பாலினம் கண்டறிதல்’, ‘பாலின அடையாளம் காணல்’, ‘பால் கணிப்பு’. மூன்றையும் அப்படியே ஏற்க எனக்குத் தயக்கம் இருக்கிறது. காரணங்களைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். இந்தத் துறையில் பெயரைப் பிழையாக இட்டுவிட்டால், கருவியால் செய்ய முடியாத ஒன்றை அது செய்துமுடித்துவிட்டதாக அந்தப் பெயரே சொல்லத் தொடங்கிவிடும்.

‘பாலினம் கண்டறிதல்’ என்ற தொடருக்கு நம் ஊரில் ஏற்கெனவே ஒரு பொருள் இருக்கிறது. எந்த ஸ்கேன் மையத்திற்குள் நுழைந்தாலும், கருவிலிருக்கும் குழந்தை ஆணா பெண்ணா என்று கண்டறிந்து சொல்வது சட்டப்படி குற்றம் என்ற அறிவிப்புப் பலகை முதலில் கண்ணில் படும். 1994ஆம் ஆண்டின் நடுவண் அரசுச் சட்டம் தடைசெய்த அந்தச் செயலைத்தான் ‘பாலினம் கண்டறிதல்’ என்று செய்தித்தாள்களும் நீதிமன்றச் செய்திகளும் எழுதிவருகின்றன. பெண் கருக்கொலையின் நினைவோடு ஒட்டிக்கொண்டுவிட்ட அத்தொடரை எடுத்து ஒரு மொழியியல் முறைக்குச் சூட்டினால், படிப்பவர் மனம் முதலில் மருத்துவமனைக்குத்தான் போகும். ‘பாலின அடையாளம்’ என்பதும் இன்று ஒருவர் தம் பாலினத்தைத் தாம் எவ்வாறு உணர்கிறார் என்பதைக் குறிக்கும் தொடராக, குறிப்பாகத் திருநங்கையர், திருநம்பியர் உரிமைகள் பற்றிய எழுத்துகளில், உறுதியாக நிலைபெற்றுவிட்டது. இன்னொருவர் வெளியிலிருந்து செய்யும் ஊகத்துக்கு அதே தொடரைப் பயன்படுத்துவது பொருளைத் தலைகீழாக்கிவிடும். மூன்றாவதான ‘பால் கணிப்பு’ இலக்கணம் பயின்றவர்களுக்கு இனிமையாக ஒலிக்கும். ஐம்பால் என்ற பழைய வழக்கின் மேல் அது நிற்கிறது என்பதை நானும் மதிக்கிறேன். ஆயினும் பொது வாசகர் அதைக் கூட்டுறவுச் சங்கத்தில் கறவை மாட்டுக்காரர்கள் ஊற்றும் பாலின் அளவு என்றே படிப்பார்.

சொற்பொருத்தத்தைவிட முதன்மையான காரணம் ஒன்று உண்டு. ‘அறிதல்’, ‘காணல்’ ஆகிய இரண்டும் முடிந்த முடிவைச் சொல்லும் வினைகள். இந்தத் துறையில் அப்படி ஒரு முடிவு இதுவரை எட்டப்படவில்லை. 2002இல் மோஷே கொப்பல், ஷ்லோமோ அர்காமோன், அனத் ரேச்சல் ஷிமோனி ஆகிய மூன்று ஆய்வாளர்களும் பிரித்தானியத் தேசியத் தரவகம் என்னும் ஆங்கில எழுத்து, பேச்சுத் தொகுப்பிலிருந்து 566 ஆவணங்களை எடுத்து ஆராய்ந்தார்கள். அச்சில் வந்த, செம்மையான ஆங்கில நூல்களையும் கட்டுரைகளையும் எழுதியவர் ஆணா பெண்ணா என்று அவர்களுடைய முறையால் ஏறத்தாழ 80 விழுக்காடு சரியாகச் சொல்ல முடிந்தது. பெண்கள் ‘நான்’, ‘நீ’, ‘அவள்’ போன்ற மாற்றுப்பெயர்களை மிகுதியாகவும், ஆண்கள் ‘தி’, ‘எ’, ‘தீஸ்’ போன்ற சுட்டு, சார்புச் சொற்களை மிகுதியாகவும் ஆண்டிருந்தார்கள் என்பது அவர்கள் கண்ட வேறுபாடு. இதன் எளிய வடிவத்தை 2003இல் ஒரு வலைத்தளக் கருவியாக்கி வெளியிட்டபோது, ஆயிரக்கணக்கானோர் தங்கள் எழுத்தை அதில் ஒட்டிப் பார்த்தார்கள். 2006இல் ஷ்லர், கொப்பல், அர்காமோன், பென்னபேக்கர் ஆகியோர் 19,320 வலைப்பதிவர்களின் ஆறு இலட்சத்து எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பதிவுகளைக் கொண்ட பெரிய தரவுத் தொகுப்பையே உருவாக்கினார்கள். அங்கும் சரியான விடை 80 விழுக்காட்டை ஒட்டியே நின்றது. ஆண், பெண் என்று இரண்டே விடைகள் உள்ள கேள்விக்கு நாணயத்தைச் சுண்டினாலே பாதி சரியாக வரும் என்பதையும், 80 என்றால் ஐந்தில் ஒருவரைப் பிழையாகச் சொல்வது என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டால், இதை ‘அறிதல்’ என்று அழைக்க மனம் ஒப்பாது.

அந்த ஐந்தில் ஒருவர் யார் என்று கேட்டுப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அதே 2006இல் சூசன் ஹெர்ரிங்கும் ஜான் பாவோலில்லோவும் வலைப்பதிவுகளைத் தம் வாழ்வை எழுதும் நாட்குறிப்பு வகை, பிற தளங்களின் செய்திகளைச் சுட்டிக்காட்டும் செய்திச் சுட்டி வகை என்று பிரித்துவைத்து எண்ணினார்கள். ‘பெண் நடை’ என்று சொல்லப்பட்ட கூறுகள் நாட்குறிப்பிலும், ‘ஆண் நடை’ என்று சொல்லப்பட்டவை செய்திச் சுட்டியிலும் மிகுந்திருந்தன. எழுதியவர் ஆணா பெண்ணா என்பது அந்த எண்ணிக்கையைப் பெரிதாக மாற்றவில்லை. 2014இல் பாமன், ஐசன்ஸ்டைன், ஷ்னோபலன் ஆகியோர் டுவிட்டரில் 14,000க்கும் மேற்பட்டவர்களின் எழுத்தை ஆராய்ந்தபோது, கணினி பிழையாகக் கணித்தவர்கள் பெரும்பாலும் எதிர்ப்பாலினத்தவரோடு மிகுதியாகப் பழகுபவர்களாக இருந்தார்கள். எழுத்து வகையும் பழகும் வட்டமும் இவ்வளவு ஆழமாக நடையில் கலந்திருக்கும்போது, கருவி அளப்பது எதை என்ற ஐயம் எழுவது இயல்பு.

இதை நான் ஆய்வேடுகளில் படிப்பதற்கு நெடுங்காலம் முன்பே ஒரு சிற்றிதழில் மெய்ப்புப் பார்த்த நாள்களில் நேரில் கண்டிருக்கிறேன். கிணற்று மோட்டாருக்குக் காயில் எனும் கம்பிச் சுருள் கட்டுவது எப்படி என்று முழுத்தாளில் ஒரு பக்கம் மட்டும் எழுதி, ‘மணி’ என்று கையொப்பமிட்ட கட்டுரை ஒன்று வந்தது. “வார்னிஷ் காயுமுன் மூடியை மாட்டாதீர்கள், ஈரம் உள்ளே நின்றால் காயில் மறுபடி புகையும்” என்பது போன்ற, தேவைக்கு மேல் ஒரு சொல்லும் இல்லாத வாக்கியங்கள். அலுவலகத்தில் இருந்த ஐவரில் ஒருவருக்கும் ஐயம் எழவில்லை, ‘திரு. மணி’ என்று அச்சிட்டோம். இரண்டு வாரத்தில் அஞ்சலட்டை வந்தது: “திரு என்று போட்டிருக்கிறீர்கள். நான் திருமதி. தொழிலைப் பற்றி எழுதியதில் தவறு ஒன்றும் இல்லையே?” அந்தக் கையெழுத்துப் படியை எடுத்து மீண்டும் படித்தேன். ‘நான்’ என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. கருவிகளின் பெயர்களும் ஏவல் வினைகளுமே நிறைந்திருந்தன. செய்முறை விளக்கம் எழுதும் எவரும் அப்படித்தான் எழுதியாக வேண்டும். நாங்கள் ஐவரும் பட்டறையைத்தான் படித்திருக்கிறோம், எழுதியவரைப் படிக்கவே இல்லை. அந்த அஞ்சலட்டைக்கு வருத்தம் தெரிவித்து எழுதிய மறுமொழியில் என் கையெழுத்தும் இருந்தது.

பெயர்பெற்றவர்களும் இதில் இரு பக்கமும் விழுந்திருக்கிறார்கள். 1858இல் ஜார்ஜ் எலியட் என்ற ஆண்பெயரில் வந்த கதைகளைப் படித்த சார்லஸ் டிக்கன்ஸ், எழுதியவர் பெண்ணாகவே இருக்க வேண்டும் என்று அவருக்கே மடல் எழுதினார். அது சரியாக இருந்தது. 1975இல் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ராபர்ட் சில்வர்பெர்க், ஜேம்ஸ் டிப்ட்ரீ என்ற பெயரில் எழுதுபவர் பெண் என்ற பேச்சை மறுத்து, அந்த நடையில் தவிர்க்க முடியாத ஆண்மை இருக்கிறது என்று எழுதினார். அடுத்த ஈராண்டுக்குள் டிப்ட்ரீ என்பவர் ஆலிஸ் ஷெல்டன் என்ற பெண்மணி என்பது வெளிவந்தது. மனைவியின் பெயரில் எழுதிய எஸ். ரங்கராஜனை, அதாவது சுஜாதாவை, அறிந்த தமிழ் வாசகர்களுக்கு இதில் வியப்பு இருக்காது.

ஆகவே நான் ‘கணிப்பு’ என்ற சொல்லைப் பிடித்துக்கொள்கிறேன். குழுவில் நண்பர் ஒருவர், கணிப்பு என்றால் வருங்காலத்தைச் சொல்வது, எழுதி முடித்த எழுத்துக்கு அது பொருந்தாது என்று மறுத்திருந்தார். வானிலைக் கணிப்பை மட்டும் நினைத்தால் அவர் சொல்வது சரி. ஆனால் சாதகம் கணிப்பவர் முதலில் கணிப்பது பிறந்த நேரத்தில் கோள்கள் நின்ற நிலையை. அது முடிந்துபோன செய்தி. சித்த மருத்துவர் நாடி பிடித்துச் செய்யும் நோய்க்கணிப்பு, இப்போது உடலில் இருக்கும் நோயைப் பற்றியது. காணக்கூடிய குறிகளை எண்ணி, காண முடியாத ஒன்றைப் பற்றி, பிழைக்கு இடம் வைத்து ஒரு முடிவுக்கு வருவது என்பதே இவ்விடங்களிலெல்லாம் கணித்தலின் பொருள். கணக்கு, கணிதம், கணினி ஆகியவற்றோடு அச்சொல்லுக்கு உள்ள உறவு, எண்ணிப் பார்த்துச் சொல்லும் இந்த முறைக்குக் கூடுதல் பொருத்தமாக அமைகிறது. ‘ஊகம்’ நல்ல சொல்தான். எனினும் அதில் எண்ணிக்கை இல்லை. டிக்கன்ஸ் செய்தது ஊகம். கொப்பல் குழுவினர் செய்தது கணிப்பு. இரண்டு சொற்களும் நமக்குத் தேவைப்படும், ஆகவே ஒன்றை மற்றொன்றின் இடத்தில் செலவழித்துவிட வேண்டாம்.

முன்னால் ‘நடைவழி’ என்ற அடை கட்டாயம் வேண்டும். ஸ்கேன் மையத்திலிருந்து சொல்லை விலக்குவது அதுதான். ஒளிப்படத்தையோ பெயரையோ குரலையோ பார்த்துச் சொல்லும் முறைகளிலிருந்தும் அதுவே இதைப் பிரிக்கிறது. நடையியல் என்ற துறைப்பெயர் நமக்கு முன்பே இருப்பதால் ‘நடை’ புதிய சுமையாகாது. எழுத்து நடையை எண்ணிக்கையால் அளக்கும் ஸ்டைலோமெட்ரிக்கு ‘நடையளவியல்’ என்று கொண்டால், 1964இல் மாஸ்டெல்லரும் வாலஸும் அமெரிக்க அரசியல் தலைவர்கள் ஹாமில்ட்டன், மேடிசன் இருவரில் யார் எழுதியது என்று தெரியாத 12 ‘ஃபெடரலிஸ்ட்’ கட்டுரைகளை ‘அப்பான்’ (upon) போன்ற சிறு சொற்களின் எண்ணிக்கையால் பிரித்துக் காட்டிய பணியும் அதற்குள் அடங்கும்.

இனித் தமிழுக்கே உரிய ஒரு பகுதி. இந்தியில் எழுதுபவர் ‘நான் போனேன்’ என்று சொன்னாலே ‘கயா’ என்றோ ‘கயீ’ என்றோ தம் பாலைச் சொல்லிவிடுகிறார். ரஷ்ய மொழியில் ‘நான் எழுதினேன்’ என்பது ஆணுக்கு ‘நபிசால்’, பெண்ணுக்கு ‘நபிசாலா’. அந்த மொழிகளில் பாதிக் கணிப்பு இலக்கணத்திலேயே முடிந்துவிடுகிறது. தமிழிலோ ‘அவன், அவள், அவர்’ என்று படர்க்கையில் இவ்வளவு கூர்மையாகப் பால் பிரிக்கும் மொழி, தன்மையில் ‘போனேன்’ என்ற ஒரே வடிவத்தை எல்லோருக்கும் கொடுத்திருக்கிறது. தம்மைப் பற்றிப் பத்துப் பக்கம் எழுதியும் ஒருவர் தம் பாலை வெளிப்படுத்தாமல் இருக்கலாம்.

ஆங்கிலக் கருவியைத் தமிழுக்கு அப்படியே கொண்டுவருவதும் இயலாது. ‘தி’ என்ற சொல் நம்மிடம் இல்லை. ‘நான்’ என்பதை எழுதாமலே வினைமுற்று அதைச் சொல்லிவிடுகிறது. ஆங்கிலத்தில் தனிச்சொற்களாக நிற்பவை இங்கே சொல்லோடு ஒட்டி வருகின்றன. ‘வீட்டுக்குத்தானே’ என்ற ஒரு சொல்லை எடுத்துக்கொண்டால், அதில் ‘கு’ என்ற உருபும் ‘தான்’ என்பதும் ‘ஏ’ என்பதும் அடுக்கி நிற்கின்றன. எண்ண வேண்டியவை இவையே. இவற்றுக்கு ‘செயற்பாட்டுச் சொற்கள்’ என்று புதிதாக ஒரு பெயர் வேண்டும் என்று ஒருவர் எழுதியிருந்தார். தொல்காப்பியர் ஓர் இயலையே இவற்றுக்கென ஒதுக்கி ‘இடைச்சொல்’ என்று பெயரிட்டு, பெயரோடும் வினையோடும் சேர்ந்தே இயங்குவன, தமக்கெனத் தனி இயல்பு இல்லாதன என்று இலக்கணமும் வகுத்துவிட்டார். ஃபங்ஷன் வேர்ட்ஸ் என்று அவர்கள் சொல்வதற்கு இதைவிடப் பொருத்தமான சொல்லை நாம் உருவாக்கிவிட முடியாது.

அதே தொல்காப்பியத்தின் கிளவியாக்கம் என்னும் இயலில் இன்னொரு விதி இருக்கிறது. ‘பால்மயக் குற்ற ஐயக் கிளவி தானறி பொருள்வயின் பன்மை கூறல்’. தொலைவில் வருபவர் மனிதர் என்று தெரிகிறது, ஆணா பெண்ணா என்று தெரியவில்லை என்றால், ‘தோன்றுவார்’ என்று பன்மையால் சொல் என்பது அதன் கருத்து. கணிப்புக் கருவி ஆண், பெண் என்ற இரண்டு பெட்டிகளில் ஒன்றில் எவரையும் தள்ளியே தீர வேண்டும் என்ற கட்டாயம் எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் அப்படியே ஏற்றுக்கொண்டிருக்கிறோம். இரு பக்கமும் மதிப்பெண் ஏறத்தாழச் சமமாக வரும்போது கருவி ‘முடிவு சொல்ல இயலாது’ என்று காட்ட வேண்டும். அந்த விடைக்குப் ‘பாலையம்’ என்ற சொல்லை முன்மொழிகிறேன். இரண்டு பெட்டிகளுக்குள் தம்மை வைத்துக்கொள்ளாதவர்கள் எழுதிய எழுத்துக்கும் அப்போது நேர்மையான விடை ஒன்று கிடைக்கும்.

எழுதியவரைக் குறிக்கும் சொல்லைப் பற்றியும் ஒரு சொல். ‘எழுத்தர்’ என்றால் அலுவலக எழுத்தர் என்றாகிவிடும். ‘எழுத்தாளர்’ என்பது எழுத்தைத் தொழிலாகவோ கலையாகவோ கொண்டவரையே சுட்டும். முகநூலில் இரண்டு வரி எழுதுபவரையும் சேர்த்துச் சொல்ல ‘எழுதுநர்’ போதும். அனுப்புநர், பெறுநர், ஓட்டுநர் என்று பால் காட்டாத இந்த ஈறு நமக்குப் பழகியதே. ஆதர் புரொஃபைலிங் என்னும் அகன்ற துறையை, வயது, தாய்மொழி ஆகியவற்றையும் கணிப்பது என்பதால், ‘எழுதுநர் இயல்புக் கணிப்பு’ எனலாம்.

அகராதிக் குழு ஏற்குமானால் பதிவை இவ்வாறு வைக்கலாம்: நடைவழிப் பாலினக் கணிப்பு – எழுதுநரின் பெயர், படம், தன்விவரம் ஆகியவற்றைப் பாராமல், எழுத்தில் இடைச்சொற்களும் பிற நடைக்கூறுகளும் வரும் அளவை எண்ணி, அவருடைய பாலினத்தைப் பிழைக்கு இடம் வைத்துக் கணிக்கும் முறை, நடையளவியலின் ஒரு பிரிவு, காண்க: பாலையம். ‘பிழைக்கு இடம் வைத்து’ என்ற தொடரை, பதிவு நீள்கிறது என்ற காரணத்துக்காக எவரும் வெட்டிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ‘பாலையம்’ என்பதைப் பாலை நிலத்தோடு மயங்கக்கூடும் என்று கருதுபவர்கள் ‘பால் ஐயம்’ என்று பிரித்தெழுதலாமா என்பதை மட்டும் இந்த இழையிலேயே தெரிவிக்க வேண்டுகிறேன்.

அன்புடன்,
குழு உறுப்பினர்